பார்க்கிறதுக்கு ஒரு சோளமா?

"திங்கிறதுக்கு இல்லாத ஒண்ணுக்கு எதுக்குத்தா இம்புட்டுத் தண்ணி ஊத்துற?" பக்கத்து வீட்டு ஆச்சி கேட்ட இந்தக் கேள்வி வெகுநாள் எனக்குள்ளேயே கிடந்து உறுத்தியது. அவர் கோபமாகக் கேட்கவில்லை, கிண்டலாகவும் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். எங்கள் பக்கத்தில் தண்ணீரைப் பற்றி ஒருவர் கேட்டால் அதை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. செட்டிநாட்டில் வற்றாத ஆறு எதுவும் கிடையாது. ஊருணி வெட்டி, கண்மாயைக் காத்து, ஓட்டுக்கூரையிலிருந்து வழிகிற மழையை முற்றத்தில் அண்டாவில் பிடித்து வைத்து வாழ்ந்த ஊர்கள் இவை. பள்ளத்தூரில் பிறந்து வளர்ந்த எவருக்கும் ஒரு குடம் தண்ணீர் எங்கே போகிறது என்ற கணக்கு மனதில் ஓடிக்கொண்டே இருக்கும்.

"பொரிக்கலாம் ஆச்சி, இது பொரிக்கிற சோளம்" என்று சொல்லியிருந்தால் பேச்சு அங்கேயே முடிந்திருக்கும். அது பொய்யும் இல்லை. ஆனால் நான் பொரிப்பதற்காக விதைக்கவில்லை. கதிர் முற்றியதும் மட்டையைப் பின்னுக்கு உரித்து, அந்த மட்டையையே சடையாகப் பின்னி, வீட்டு முகப்பில் தொங்கவிட வேண்டும் என்ற ஆசையில்தான் விதைத்தேன். அதனால் அந்தப் பதிலைச் சொல்ல வாய் வரவில்லை. சோறு போடுகிற ஒரு பயிரைக் கண்ணுக்காக மட்டும் வளர்க்கலாமா, அதற்கு இந்தச் செம்மண்ணில் நியாயம் உண்டா என்று யோசித்தபடியேதான் அந்தப் பருவம் முழுக்கத் தண்ணீர் ஊற்றினேன்.

நான் வளர்ப்பது கிளாஸ் ஜெம் என்ற வண்ண மக்காச்சோளம். கூடவே கொஞ்சம் ஸ்ட்ராபெரி பாப்கார்ன். முதலாவது ஆள் உயரத்தைத் தாண்டி வளரும். ஒரே கதிரில் ஊதா, ரோஸ், தேன் நிறம், பச்சை கலந்த நீலம், முத்து வெள்ளை என்று மணிகள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். இரண்டாவது குட்டைப் பயிர். இரண்டு மூன்று அங்குல நீளத்தில், குண்டாக, அடர்ந்த மெரூன் நிறத்தில் கதிர் விடும். விதை ஒரு விதைப் பகிர்வுக் கூட்டத்தில் கிடைத்தது. பழைய செட்டிநாட்டு வீடுகளின் ஜன்னல் மேலே பதித்திருக்கிற வண்ணக் கண்ணாடியில் காலை வெயில் விழும்போது தெரிகிற நிறங்களைத்தான் கிளாஸ் ஜெம் கதிரில் முதன்முதலில் பார்த்தபோது நினைத்தேன். அந்த வெளிச்சத்திலேயே வளர்ந்தவளுக்கு அதை வேண்டாம் என்று சொல்ல முடியவில்லை.

இந்த விதையின் வரலாறு தெரிந்த பிறகு ஆசை இன்னும் கூடியது. அமெரிக்காவின் ஒக்லஹோமாவைச் சேர்ந்த கார்ல் பார்ன்ஸ் என்ற விவசாயி, செரோக்கி என்ற அமெரிக்கப் பழங்குடியின் மரபு உள்ளவர். தம் முன்னோர் வளர்த்த மக்காச்சோள வகைகளைத் தேடிச் சேர்த்து வளர்த்துவந்தவர், நிறம் அதிகம் கலந்து வந்த கதிர்களைப் பார்த்துப் பார்த்துத் தனியே எடுத்து, பல ஆண்டுகள் திரும்பத் திரும்ப விதைத்தார். சந்தைக்காக அவர் அதைச் செய்யவில்லை. தெரிந்தவர்களுக்கு விதையைக் கொடுத்தார், அவ்வளவுதான். அப்படிக் கைமாறிப் போன விதையிலிருந்து விளைந்த ஒரு கதிரின் படம் 2012-இல் இணையத்தில் பரவியபோதுதான் உலகம் அதைப் பார்த்தது. அந்த மனிதர் நிறத்தின் மேல் வைத்த ஆசை இல்லாமல் இந்த வகை இன்று இல்லை. ஆச்சியின் கேள்விக்கு எனக்குக் கிடைத்த முதல் பிடிமானம் இதுதான். ஆனால் இது ஒக்லஹோமா நியாயம். பள்ளத்தூருக்கு இது போதுமா என்ற சந்தேகம் அப்படியே இருந்தது.

தைப் பட்டம்

மக்காச்சோளத்துக்கு நம் ஊரில் ஆடி, புரட்டாசி, தை என்று மூன்று பட்டமும் உண்டு. மானாவாரிக்காரர்களுக்கு முதல் இரண்டும் சரி. கதிரைக் காயவைத்து எடுக்க நினைக்கிறவர்களுக்குத் தைதான் சரி என்பது என் திடமான கருத்து. புரட்டாசியில் போட்டால் பூக்கிற நேரம் ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வந்து மாட்டிக்கொள்ளும். நனைந்த ஆண் பூவிலிருந்து மகரந்தம் பறக்காது. தை பிறந்ததும் போட்டால் மாசி கடைசியிலோ பங்குனித் தொடக்கத்திலோ பூ வரும். வெயில் இன்னும் உச்சத்துக்குப் போயிருக்காது. கதிர் முற்றுகிற காலம் சித்திரை, வைகாசி. காய்வதற்கு அதைவிட நல்ல வெயில் வேறு எந்த மாதத்தில் கிடைக்கும்? தையைத் தள்ளிப்போட்டு மாசியில் விதைக்கிறவர்களுக்குப் பூ வரும்போது வெயில் 35 டிகிரியைத் தாண்டிவிடும். மகரந்தம் அதில் வலுவிழக்கும். கதிர் நுனியில் வருகிற மீசையும் சீக்கிரம் கருகிப்போகும்.

எங்கள் வீட்டுப் பின்கட்டுக்கு அப்பால் இருக்கிற இடம் செம்புராங்கல் கலந்த மண். தண்ணீர் நிற்காது, சத்தும் நிற்காது. மக்காச்சோளமோ நன்றாகத் தின்கிற பயிர். மக்கிய மாட்டெருவைத் தாராளமாகக் கொட்டிக் கொத்திவிட்டு, விதையை இரவு முழுக்க ஊறப்போட்டு, இரண்டு விரற்கடை ஆழத்தில் ஊன்றினேன். செடிக்குச் செடி ஒரு அடி, வரிசைக்கு வரிசை இரண்டு அடி. இதில் ஒரு விஷயத்தில் மட்டும் யார் சொன்னாலும் விட்டுக்கொடுக்கக் கூடாது: ஒரே நீள வரிசையாக வேலி ஓரம் நடக்கூடாது. நாலு வரிசையாவது சேர்த்து, சதுரப் பாத்தியாக நடவேண்டும். மக்காச்சோளத்துக்குக் காற்றுதான் தரகர். ஒற்றை வரிசையில் நின்றால் மகரந்தம் காற்றோடு பக்கத்து வீட்டுக்குப் போய்விடும், கதிர் பல்லு பல்லாக இடைவெளி விட்டு நிற்கும். அழகுக்காக வளர்க்கிறவர்களுக்கு அதைவிட மனக்கஷ்டம் இல்லை.

அப்புறம் மயில். இப்போதெல்லாம் எங்கள் ஊர்களில் காகத்துக்குச் சமமாக மயில் திரிகிறது. முளைவிட்ட நாற்றைக் கிளறி அடியில் இருக்கிற மணியைத் தின்றுவிட்டுப் போகும். அதை விரட்டலாமே தவிர வேறு எதுவும் செய்யமுடியாது, செய்யவும் கூடாது. நாற்று ஒரு சாண் உயரம் வரும்வரை பழைய மீன்வலையைக் குச்சி நட்டு மேலே போட்டு வைப்பதே போதும்.

பெரிய எதிரி படைப்புழு. அமெரிக்காவிலிருந்து ஆப்பிரிக்கா வழியாகப் பரவிய இந்தப் புழு 2018-இல் கர்நாடகத்தில் கண்டுபிடிக்கப்பட்டு, அதே ஆண்டிலேயே பெரம்பலூர், அரியலூர்ப் பக்கத்து மக்காச்சோளக் காடுகளை நாசம் செய்தது பலருக்கும் நினைவிருக்கும். வீட்டுத் தோட்டம்தானே என்று அது விட்டுவைக்காது. குருத்து இலையில் வரிசையாக ஓட்டை விழுந்து, உள்ளே ஈரமான தூளாக எச்சம் தெரிந்தால் அதுதான். குருத்தை மெல்ல விரித்தால் புழு சுருண்டு கிடக்கும். தலையில் தலைகீழான ஒய் வடிவக் கோடு, வால் பக்கத்தில் சதுரமாக நாலு கரும்புள்ளி. நான் மருந்து அடிப்பதில்லை. காலையில் ஒவ்வொரு குருத்தையும் பார்த்து, இலைக்கு அடியில் இருக்கும் முட்டைக் குவியலை நசுக்கி, குருத்துக்குள் காய்ந்த மணலும் சாம்பலும் கலந்து ஒரு சிட்டிகை போடுவேன். ஏக்கர் கணக்கில் வைத்திருக்கிறவருக்கு இது நடக்கிற காரியமா என்றால் இல்லை. ஒரு பாத்திக்கு நடக்கும்.

ஒரு மீசைக்கு ஒரு மணி

பூக்கிற வாரம்தான் இந்தப் பயிரில் எனக்குப் பிடித்த வாரம். உச்சியில் ஆண் பூக்குஞ்சம் விரியும். நடுத்தண்டில் இலை இடுக்கிலிருந்து இளங்கதிர் எட்டிப்பார்த்து, அதன் நுனியில் மீசை வெளியே வரும். இளம்பச்சையாக, சில செடிகளில் இளஞ்சிவப்பாக, தொட்டால் பிசுபிசுப்பாக இருக்கும். அந்த மீசையின் ஒவ்வொரு இழையும் உள்ளே ஒரு மணியோடு இணைந்திருக்கிறது. ஒரு இழையில் ஒரு மகரந்தத் துகள் விழுந்து, அது இழையின் முழு நீளத்துக்கும் உள்ளே இறங்கிப் போனால்தான் அந்த மணி உருவாகும். விழாவிட்டால் அந்த இடம் வெறுமையாகத்தான் இருக்கும். கதிரில் இருக்கிற ஒவ்வொரு பொக்கைக்கும் தகப்பன் கிடைக்காத ஒரு இழை காரணம்.

காற்று போதாத சின்னப் பாத்தி என்பதால் நான் கையால் உதவி செய்வேன். காலை எட்டு மணிக்கு மேல், பனி காய்ந்த பிறகு, வெயில் ஏறுவதற்குள் செய்யவேண்டிய வேலை. ஒரு காகித உறையைக் குஞ்சத்தில் கவிழ்த்து, வளைத்து, தட்டினால் மஞ்சள் பொடி கொட்டும். அதைப் பல செடிகளில் சேர்த்து, மற்றச் செடிகளின் மீசையில் தூவவேண்டும். ஒரு குஞ்சம் லட்சக்கணக்கான துகள்களை உதிர்க்கும், ஆனால் நம் ஊர் வெயிலில் அதற்கு ஆயுள் கொஞ்ச நேரம்தான். எடுத்து வைத்து மத்தியானம் தூவலாம் என்பதெல்லாம் வேலைக்காகாது. கருவுற்ற இழை சில நாளில் மணியிலிருந்து கழன்றுவிடும். மீசை வெளியே பழுப்பேறிக் காயத் தொடங்கினால் உள்ளே வேலை நடந்துவிட்டது என்று நிம்மதியாக இருக்கலாம்.

இதைப் புரிந்துகொண்டால் நிறத்தின் கதையும் புரியும். ஒரு கதிரில் முந்நூறு மணி என்றால், ஒரு தாய்க்கு முந்நூறு பிள்ளைகள், தகப்பன்மார் பலர். மணியின் நிறம் இரண்டு இடத்திலிருந்து வருகிறது. மேல்தோல் முழுக்கத் தாய்ச்செடியின் சொத்து. ஸ்ட்ராபெரி பாப்கார்னின் சிவப்பு அப்படிப்பட்டது, அதனால்தான் கதிர் முழுக்க ஒரே நிறமாக வருகிறது. அந்தத் தோலுக்கு அடியில் ஒரே ஒரு செல் கனத்தில் ஒரு படலம் இருக்கிறது. அது பிள்ளையின் சொத்து, தகப்பனின் பங்கும் அதில் உண்டு. கிளாஸ் ஜெம்மில் மணிக்கு மணி நிறம் மாறுவது பெரும்பாலும் இங்கேதான். தோலின் நிறமும் அடிப்படலத்தின் நிறமும் ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரிவதால்தான் பெயர் சொல்லமுடியாத நிறங்களெல்லாம் கிடைக்கின்றன. அதற்கும் உள்ளே போனால் மாவு, அது வெள்ளைதான், அல்லது லேசான மஞ்சள்.

சில மணிகளில் கோடும் புள்ளியும் தெறித்தது மாதிரி இருக்கும். அதை ஒரு காலத்தில் வெறும் வேடிக்கையாகப் பார்த்தார்கள். அமெரிக்க விஞ்ஞானி பார்பரா மெக்லின்டாக் அப்படி நினைக்கவில்லை. 1940-களில் வண்ண மக்காச்சோளக் கதிர்களை ஒவ்வொரு மணியாகப் பார்த்து, மரபணுக்கள் இருந்த இடத்திலேயே இருப்பதில்லை, இடம் விட்டு இடம் தாவக்கூடியவையும் உண்டு என்று கண்டுபிடித்தார். நீண்டகாலம் பலர் அதை ஏற்கவில்லை. 1983-இல் அதற்காக அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. வெள்ளை மக்காச்சோளம் மட்டும் வயிற்றுக்காக வளர்த்துக்கொண்டிருந்தால் அந்தப் புள்ளி யார் கண்ணிலும் பட்டிருக்காது. நிறத்தின் மேல் மனிதருக்கு இருக்கிற ஆசை வீண் என்று இனி யார் சொன்னாலும் நான் இந்த அம்மாளை நினைத்துக்கொள்வேன்.

முகப்பு

வைகாசியில் மட்டை முழுக்க வெளுத்துக் காய்ந்து, கதிர் தலைகுனிந்து நிற்கும்போது ஒடித்தேன். கோடைமழை ஒன்று வந்துவிட்டால் மட்டைக்குள் ஈரம் தங்கிப் பூஞ்சணம் பிடிக்கும், அதனால் மேகம் கூடினால் கொஞ்சம் முன்னதாகவே ஒடித்துவிடுவது நல்லது. ஒரு மணியைப் பெயர்த்து அடிநுனியைப் பார்த்தால் முற்றிய மணியில் சின்னக் கரும்புள்ளி தெரியும். அது வந்துவிட்டால் மணி இனிப் பருக்கப்போவதில்லை. உரிக்கும்போது ஒவ்வொன்றாகத்தான் உரிக்கவேண்டும். இரண்டு பேர் சேர்ந்து உரித்தால் ஒருவர் பார்த்ததை மற்றவர் பார்க்க முடியாமல் போய்விடும். ஒரு கதிரைப்போல இன்னொன்று இல்லை.

உரித்த கதிர்களை மட்டையோடு பின்னி முகப்பில் கட்டித் தொங்கவிட்டேன். அங்கே ஏற்கெனவே அப்பத்தா காலத்து வழக்கப்படி ஒரு நெற்கதிர்க் கொத்து தொங்குகிறது. குருவி வந்து கொத்தும். அதன் பக்கத்தில் இதுவும் ஆடத்தொடங்கியதும் வருகிறவர்கள் எல்லோரும் நின்று பார்த்தார்கள். தொட்டுப்பார்த்து, "சாயம் போட்டதா?" என்று கேட்டார்கள். ஆச்சியும் பார்த்தார். நல்லாத்தான் இருக்கு என்றார். ஆனால் அவர் கேள்வி அப்படியே நின்றது. எனக்கும் அது நின்றது.

ஆடி மாதம் ஒரு காலையில் முகப்பைக் கூட்டும்போது, ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் ஒரு இடத்தில் மட்டும் வெள்ளையாக, மெல்லிய மாவு சிந்திக் கிடந்தது. நிமிர்ந்து பார்த்தால் நேர் மேலே ஒரு கதிர். இறக்கிப் பார்த்தேன். நாலைந்து மணிகளில் குண்டூசி முனை அளவுக்கு ஓட்டை. வண்டு. அந்தக் கதிரையும் பக்கத்தில் இருந்த இரண்டையும் தனியே எடுத்து, நன்றாகக் காய்ந்திருந்ததால் பையில் கட்டி ஃப்ரீசரில் ஒரு வாரம் போட்டு எடுத்தேன். மற்றக் கதிர்கள் தப்பித்தன.

இதே மணிகளை உதிர்த்து ஒரு டப்பாவில் போட்டு, இரண்டாம் கட்டு அலமாரியில் வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்தேன். தையில் திறந்து பார்க்கும்போது டப்பா முழுக்க வண்டும் மாவும்தான் இருந்திருக்கும். முன்பெல்லாம் விதைக்கதிரை அடுப்புக்கு மேலே கட்டிவைப்பார்கள், புகை பட்டு வண்டு அண்டாது என்று. அது ஒரு காரணம். இன்னொரு காரணம், சமைக்கிறவள் தினமும் நிமிர்ந்து பார்க்கிற இடம் அது. இப்போது வீடுகளில் புகை இல்லை. தினமும் பார்க்கிற இடம் என்று மிஞ்சியிருப்பது முகப்பும், உள்முற்றத்தைச் சுற்றியிருக்கிற வளவும்தான். அங்கே எதைத் தொங்கவிட்டால் தினமும் பார்ப்போம்? அழகாக இருப்பதைத்தான். வைகாசியில் அறுத்து, தையில் விதைக்கும்வரை இருக்கிற அந்த ஏழெட்டு மாத இடைவெளியில், அழகுக்காகத் தொங்குகிறது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது முழுக்க முழுக்க விதைச் சேமிப்பாகத்தான் இருந்திருக்கிறது. காற்றோட்டம், நிழல், எலி எட்டாத உயரம், தினமும் படுகிற கண் எல்லாமே அதற்குத்தான். ஆச்சியிடம் போய்ச் சொல்லலாம் என்று தோன்றியது. சொல்லவில்லை. அதற்கு ஒரு சந்தர்ப்பம் மார்கழியில் வந்தது.

மார்கழியில் ஆச்சி செய்தது

பிள்ளையார் நோன்பைப் பற்றி எங்கள் ஊர்க்காரர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. திருக்கார்த்திகைத் தீபத்திலிருந்து இருபத்தோராம் நாள், இருபத்தோரு நூலிழை, மாவு, பொரி. நெற்பொரியோடு சோளப்பொரி, கம்புப்பொரி என்று வைப்பதில் ஆச்சிக்கு ஒரு குறையும் இருக்கக்கூடாது. கடையில் வாங்கமாட்டார். நோன்புக்கு முன்பு ஒரு நாள் நான் என் மக்காச்சோளத்தில் ஒரு பிடி பொரித்துப் பார்த்தேன். பாதி பொரிந்தது, பாதி கல்லாகவே கிடந்தது. சத்தம் கேட்டு வந்த ஆச்சி சட்டியை எட்டிப்பார்த்துவிட்டு, "இத்தன மாசம் காத்துல காஞ்சது எப்படித்தா பொரியும்? தண்ணி தெளிச்சுப் பிசிறி மூடி வையி, நாளைக்கிப் பாரு" என்றார். சோளத்தைப் பொரிக்கும் முன்பு அவர் எப்போதும் செய்கிற காரியம் அது.

மக்காச்சோள மணிக்குள்ளே இருக்கிற ஈரம்தான் அதை வெடிக்க வைக்கிறது. மணியின் எடையில் சுமார் 14 சதவீதம் ஈரம் இருக்கவேண்டும். சூடு ஏறும்போது அந்த ஈரம் ஆவியாகி, கெட்டியான தோலுக்குள்ளே அடைபட்டு, ஏறக்குறைய 180 டிகிரியில் தோலைக் கிழித்துக்கொண்டு மாவை வெளியே தள்ளுகிறது. ஈரம் குறைந்தால் தோலைக் கிழிக்கிற அளவுக்கு அழுத்தம் வராது. அதிகமானால் பொரி சவசவத்துப்போகும். இதெல்லாம் எழுதப்பட்ட கணக்கு. ஆச்சியின் உள்ளங்கைக்கு அந்தக் கணக்கு எப்போதோ தெரிந்திருக்கிறது. அவர் சொன்னபடி ஊறிய மணி மறுநாள் ஏறக்குறைய முழுவதும் பொரிந்தது. ஊதா மணி, சிவப்பு மணி, நீல மணி எல்லாமே வெள்ளையாகத்தான் பூத்தன. அடியில் மட்டும் பழைய தோலின் நிறம் துணுக்காக ஒட்டியிருந்தது. படைப்பதற்கு இது வேண்டாம், நம்ம சோளமே இருக்கட்டும் என்று ஆச்சி தள்ளிவைத்துவிட்டார். சாப்பிடுவதற்கு எடுத்துக்கொண்டார். நல்ல ருசி, கடைப் பாப்கார்னைவிடச் சிறியது, மொறுமொறுப்பு கூடுதல்.

அதன் பிறகுதான் ஆச்சி என்னை மற்றக் கதிர்களையும் இறக்கச் சொன்னார். வளவில் உட்கார்ந்தார். ஒரு பக்கம் முறம், இன்னொரு பக்கம் ஒரு ஓலைக் கொட்டான். முதல் கதிரை எடுத்தார். நுனியில் இருக்கிற சின்ன மணிகளையும், அடியில் இருக்கிற உருண்டை மணிகளையும் கட்டைவிரலால் நெம்பி முறத்தில் தள்ளினார். நடுவில் ஒரே அளவாக இருக்கிற மணிகளில் ஒரு பிடியை உதிர்த்துக் கொட்டானில் போட்டார். மிச்சத்தை அப்படியே என்னிடம் நீட்டினார். அடுத்த கதிர். அதுவும் அப்படியே. வெளிறிப்போய் நிறமே எடுபடாத கதிரிலும் ஒரு பிடி, பொக்கை விழுந்த குட்டைக் கதிரிலும் ஒரு பிடி. வண்டு விழுந்ததை மட்டும் தொடவில்லை.

நான் மிக அழகான சில கதிர்களை மட்டும் அடுத்த விதைக்கு என்று மனதில் வைத்திருந்தேன். ஊதாவும் ரோஸும் அடுக்கடுக்காக வந்தவை. "விதைக்கு இது மட்டும் போதுமே ஆச்சி" என்றேன். ஆச்சி நிமிரவில்லை. "எல்லாத்துலயும் எடு. எந்த வருசம் மழ எப்படிப் பேயும், எது தாங்கும்னு நமக்கு என்ன தெரியும்?" என்று சொல்லிக்கொண்டே அடுத்ததை எடுத்தார்.

மக்காச்சோளம் தன்னைத்தானே சூலாக்கிக்கொண்டு நிம்மதியாக இருக்கிற பயிர் இல்லை, அதற்கு அந்நியக் கலப்பு வேண்டும், ஒன்றிரண்டு கதிரிலிருந்தே விதை எடுத்துக்கொண்டு போனால் சில தலைமுறையில் செடி குன்றி, கதிர் சிறுத்துவிடும் என்று நான் படித்திருக்கிறேன். நூறு செடிக்குக் குறையாமல் வளர்த்து, அத்தனையிலிருந்தும் விதை எடுக்கவேண்டும் என்பார்கள். படித்திருந்தும் அழகான கதிரின் பக்கமே மனம் சாய்ந்தது. ஆச்சி படித்தவர் இல்லை. சின்ன வயதில் அவர்கள் நிலத்தில் கம்பும் சோளமும் போட்டவர்கள் விதை எடுப்பதைப் பார்த்திருக்கிறார், அவ்வளவுதான். ஆனால் கொட்டானில் விழுந்த மணிகளைப் பார்த்தபோது, இவ்வளவு நாள் நான் முகப்பில் பார்த்து ரசித்த நிறமெல்லாம் எங்கிருந்து வந்தது என்பது கண்ணுக்கு நேரே கிடந்தது. வெளிறியதும், தேன் நிறமும், கறுத்ததும், கோடு போட்டதும் கலந்து கிடந்ததால்தான் அடுத்த வருடமும் நிறம் வரும். மிக அழகானதை மட்டும் பொறுக்கிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் கதிர்களெல்லாம் ஒன்றைப்போல ஒன்று ஆகி, பயிரும் நோஞ்சானாகிவிடும்.

அப்போதுதான் வண்டு விழுந்த கதையை ஆச்சியிடம் சொன்னேன். முகப்பில் தொங்கியதால்தான் மாவு கண்ணில் பட்டது, இல்லாவிட்டால் இன்றைக்கு இந்தக் கொட்டானில் போட ஒன்றும் இருந்திருக்காது என்றேன். ஆச்சி கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "வெதயத் தொங்கவிட்டிருக்கேன்னு அன்னிக்கே சொல்லியிருந்தா நான் ஏன் கேக்கப்போறேன்?" என்றார். அன்றைக்கு எனக்கே அது தெரியாது. அலங்காரம் வேறு, விதை வேறு என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

உணவுப் பயிரை அழகுக்காக வளர்ப்பதற்கு என்ன நியாயம் என்று இப்போது யாராவது கேட்டால் தயங்காமல் பதில் சொல்வேன். கடையில் விற்கிற வீரிய ஒட்டு மக்காச்சோள விதையைத் திரும்ப விதைத்தால் அதே பயிர் வராது, ஒவ்வொரு பருவத்துக்கும் வாங்கத்தான் வேண்டும். அதை முகப்பில் தொங்கவிட யாருக்கும் தோன்றாது. தொங்கவிடத் தோன்றுகிற கதிர், திரும்ப விதைக்கக்கூடிய கதிர். கார்ல் பார்ன்ஸ் சந்தையை நம்பியிருந்தால் இந்த வகை என்றைக்கோ போயிருக்கும். கண்ணுக்குப் பிடித்ததால் வைத்திருந்தார், வைத்திருந்ததால் கொடுக்க முடிந்தது. வயிற்றுக்கு மட்டும் என்று வைத்திருந்த எத்தனையோ நாட்டு ரகங்கள், அதைவிட நன்றாக விளைகிற ஒன்று வந்ததும் போய்விட்டன. எதற்காகவாவது பிடித்து வைத்திருந்த ரகங்கள்தான் தங்கின. நோன்புக்கு வேண்டும் என்பதாலேயே பொரிகிற சோளம் இன்னும் எங்கள் ஊர் வீடுகளில் ஒரு படி இரண்டு படியாவது இருக்கிறது. அதற்குப் பக்கத்தில் கண்ணுக்குப் பிடித்த சோளம் ஒன்றும் இருந்துவிட்டுப் போகட்டும்.

தண்ணீர்க் கணக்கையும் ஆச்சிக்காகச் சொல்லிவிடுகிறேன். சமையல்கட்டில் அரிசி, காய் கழுவுகிற தண்ணீரை வாய்க்கால் வெட்டிப் பாத்திக்குத் திருப்பியதில் முக்கால்வாசி நாள் கிணற்றில் இறைக்கவே வேண்டியதில்லை. மீசை வருகிற அந்த இரண்டு வாரம் மட்டும் பயிரைக் காயவிடக்கூடாது. அப்போது மட்டும் தனியாக ஊற்றினேன். அடியில் காய்ந்த இலையும் தேங்காய் மட்டையும் மூடாக்குப் போட்டால் செம்மண்ணிலும் ஈரம் ஓரளவு நிற்கிறது.

இந்தத் தையில் கொட்டானில் இருந்த விதையை மூன்றாகப் பிரித்தோம். ஒரு பங்கு எங்கள் பாத்தியில். ஒரு பங்கு காரைக்குடியில் இருக்கிற என் தோழி வீட்டில். ஒரு பங்கை ஆச்சி தன் வீட்டுப் பின்புறம் கிணற்றடியில் போட்டிருக்கிறார். நூறு செடி ஒரு வீட்டில் நட முடியாது, ஆனால் மூன்று வீட்டிலுமாகச் சேர்த்தால் முடியும். அறுவடைக்குப் பிறகு மூன்று இடத்து மணிகளையும் கலந்து அடுத்த விதையாக வைத்துக்கொள்வது என்று பேச்சு. இன்னும் இரண்டு மூன்று வீடு சேர்ந்தால் நல்லது. பள்ளத்தூர், கோட்டையூர், கானாடுகாத்தான் பக்கம் எட்டடிக்கு எட்டடி வெயில் படுகிற இடம் வைத்திருக்கிறவர்கள், பக்கத்தில் வேறு மக்காச்சோளக் காடு இல்லாவிட்டால், கேளுங்கள், விதை தருகிறேன். விலை கிடையாது. விளைந்த ஒவ்வொரு கதிரிலிருந்தும், நல்லதோ சுமாரோ, ஒரு பிடி நடுமணி திருப்பித் தரவேண்டும்.